ஒடிக்காமல் விட்ட பாத்தி

கார்த்திகை 6

விதைக்கடையில் சும்மா கொடுத்த டைரி இது. உள்ளே இருக்கும் தேதியெல்லாம் போன வருடத்துடையது. அடித்துவிட்டு எழுதுகிறேன். நான் ஏழாவதோடு நின்றவள், பிழை இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். யாரிடம் பேச ஆரம்பித்தாலும் "விடு பச்சையம்மா" என்கிறார்கள். விட முடியாததை எங்கேயாவது வைக்க வேண்டுமே.

என் மகள் வினோதினி ஆடி மாதம் மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். தவறிவிட்டாள், போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றெல்லாம் சொல்ல எனக்கு வராது. செத்துப்போனாள்.

தை மாதம் அவள் தம்பி மணிவேலுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் பூவாடைக்காரி கும்பிட வேண்டும். வீட்டில் செத்துப்போன பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, புதுக்குடத்தில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, பூச்சுற்றி, சேலை சாத்தி, வீட்டுக்கு அழைத்து வருவோம். அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் எங்கள் பக்கம் தாலியைத் தொடுவார்கள்.

யார் யாரைக் கூப்பிடுவது என்று பேச இன்று பெரியவர் வந்திருந்தார். பெரியவர் என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன் தங்கராசு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். விரல் மடக்கிப் பெயர் சொன்னார். அவர்கள் அம்மா. கிணற்றில் விழுந்த தங்கச்சி. அத்தை காவேரி. கையை இறக்கிவிட்டார்.

"வினோ?" என்றேன்.

"அவ வேற வூட்டுக்குப் போனவ. அங்க கூப்புட்டுக்கட்டும்."

"காவேரி அத்தையும் கட்டிக்குடுத்த எடத்துலதான செத்தாங்க? அவங்களக் கூப்புடுறோமே மாமா."

"அது வேற."

"என்னா வேற?"

"ஏம்மா, உனக்குத் தெரியாதா? எந்தத் தெருவுக்குப் போனான்னு ஊருக்கே தெரியும். அவ சாவுக்கே நமக்குத் தீட்டு இல்லன்னு முடிவு பண்ணியாச்சு. சாவு இல்லாத வூட்டுல பேரு மட்டும் எதுக்கு?"

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில் அப்படி என்ன இருக்கிறதோ.

"அவ பேரு சொல்லலன்னா நான் அந்தக் குடத்தத் தொட மாட்டேன்" என்றேன். மாப்பிள்ளையைப் பெற்றவள்தான் குடம் தூக்க வேண்டும். அது பெரியவருக்கும் தெரியும்.

கார்த்திகை 7

களை எடுத்தோம். வீட்டுக்காரரோடு பேசவில்லை. ஆடியிலிருந்தே பேச்சு இல்லை. சோறு மட்டும் போட்டு வைக்கிறேன்.

கார்த்திகை 19

வெங்காயத்தாள் முழங்கால் உயரம் வந்துவிட்டது. இந்த வருடம் பனி அதிகம். பனிக்குச் சில செடி பூத்தண்டு விடும். பார்த்ததும் ஒடித்துப் போடுவோம். விட்டால் சத்தெல்லாம் பூவுக்குப் போய்க் காய் பெருக்காது, நடுவில் கட்டை விழுந்துவிடும். சின்ன வயதிலிருந்து நான் ஒடித்த தண்டு ஒரு வண்டி இருக்கும்.

இந்த வருடம் வாய்க்கால் ஓரத்துப் பாத்தியை ஒடிக்கக் கூடாது என்று ஆள்களிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

வினோ பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் செடிகொடிப் பாடம் எடுத்தாள். செழியனைக் கட்டிக்கொண்ட பிறகு அவளை வீட்டுப் படி ஏறக்கூடாது என்றார்கள். வயல் வீடு இல்லையே. அதனால் வயலுக்கு வருவாள். போன தையில் வந்தவள், ஒடிக்காமல் தப்பிய ஒரு பூவைப் பிடுங்கி, பையிலிருந்து பிளேடை எடுத்து நெடுக்காகக் கீறினாள்.

"இங்க பாரும்மா. ஆறு இதழு. ஆறு மகரந்தத் தாளு. நடுவுல பச்சையா குண்டா ஒக்காந்திருக்கே, அதான் சூல்பை. இதழுக்கு மேல இருக்குது பாரு. இத வச்சுத்தான் பழைய புத்தகத்துல வெங்காயத்த லில்லிக் குடும்பத்துல சேத்திருந்தாங்க. கண்வலிக் கெழங்குக்குச் சொந்தம்னு."

"அது வெஷமாச்சேடி."

"சொந்தத்துல வெஷம் இருக்காதா?" என்று சிரித்தாள். "அப்புறம் வேற சில பேரு, அது எப்பிடின்னாங்க. எல இல்லாத மொட்டத் தண்டு. அது நுனியில ஒரே எடத்துலேர்ந்து எல்லாப் பூவும் கொடக்கம்பி மாதிரி கெளம்புது. மொட்டா இருக்கயில வெள்ளத் தோலு மூடியிருக்கு. இது லில்லி சாடையே இல்லன்னு சண்ட. கொஞ்ச காலம் வெங்காயம், பூண்டு எல்லாத்தையும் தனிக் குடும்பமா வச்சாங்க."

"ஒங்களாட்டம் தனிக்குடித்தனமா?"

"ஆமா, எங்களாட்டம். இப்ப உள்ளுக்குள்ள இருக்கிற மரபணுவப் பாத்து அமரில்லிஸ் குடும்பத்துல சேத்துட்டாங்க. மழ பேஞ்ச மறுநாளு பூக்குமே ரோசு கலருல, மழைப்பூ, அதுவும் வெங்காயமும் ஒரே குடும்பம்."

"போடி. அதுக்கும் இதுக்கும் வாசமே ஒட்டல."

"வாசத்த வச்சுச் சொல்ல முடியாதும்மா. பேர வச்சும் முடியாது. நரிவெங்காயம் பாக்க வெங்காயமாட்டமேதான் இருக்கு, பேருலயும் இருக்கு. அது இந்தக் குடும்பமே கெடையாது."

இத்தனை தடவை வீடு மாற்றினால் செடிக்குக் குழப்பமாக இருக்காதா என்று கேட்டேன். கிண்டலுக்குத்தான் கேட்டேன். அவள் கீறிய பூவை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"செடி எங்கயும் போவலம்மா. அது பாட்டுக்கு நம்ம பாத்தியிலதான் நிக்குது. புத்தகம்தான் மாறிக்கிட்டே கெடக்கு."

போகும்போது, அடுத்த வருடம் ஒரு பாத்தி ஒடிக்காமல் விடச் சொன்னாள். அவளிடம் படிக்கும் பிள்ளைகள் வெங்காயப் பூவை நேரில் பார்த்ததில்லையாம், அழைத்துவந்து காட்டுவாளாம். அவள் அப்பா அப்போது மோட்டார் கொட்டகைக்குள்தான் இருந்தார், வெளியே வரவில்லை. நான் சரி என்றேன்.

சரி என்று சொன்னது சொன்னதுதான்.

மார்கழி 1

பாத்தியில் தண்டு கிளம்பிவிட்டது. வேலைக்கு வந்த செல்லக்கண்ணு, "பச்சையம்மாக்கா வெங்காயப் பூவு கட்டி வச்சுக்கப் போவுதாம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கட்டி வைத்தால் என்ன.

மார்கழி 5

அறுவடைக்கு என்று தண்ணீர் நிறுத்தி நாளாகிறது. வயல் காய்ந்து கிடக்கிறது. வாய்க்கால் ஓரத்துப் பாத்தி மட்டும் ஈரமாக இருந்தது. மடை கசிகிறது போல. நல்லதுதான்.

மார்கழி 9

பெரியவர் வரப்பில் வண்டியை நிறுத்திவிட்டுப் பாத்தியைப் பார்த்தார். பூவெல்லாம் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வர ஆரம்பித்திருந்தது. வெள்ளை உருண்டை, குழந்தை தலை மாதிரி.

"வெங்காயம் விக்கிற வெலையில இது என்னா கூத்து? புடுங்கி எறி."

"எம் பாத்தி மாமா."

"எந் தம்பி பாத்தி."

"அப்ப அவரு வந்து சொல்லட்டும், புடுங்குறேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மோட்டார் கொட்டகையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். இல்லாத பொருளை அவர் நன்றாகத் தேடுவார்.

"கலியமூர்த்தி, ஒம் பொண்டாட்டிக்கு நீதான் எடம் குடுக்குற."

இவர் இன்னும் கீழே குனிந்து தேடினார். வினோ செத்த அன்றும் இப்படித்தான். செழியன் போன் செய்தபோது எடுத்தது இவர்தான். கேட்டுவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். நான் தனியாக பஸ் ஏறிப் போய் என் பிள்ளையைக் குளிப்பாட்டினேன். பெற்றவன் ஒருவன் இருக்கிறானே, எங்கே என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

மார்கழி 12

இதை எழுதவே கை கூசுகிறது.

காலையில் அறுவடை. வரிசையாகக் குனிந்து பிடுங்கிக்கொண்டே வந்தவள் வாய்க்கால் ஓரம் வரை வந்துவிட்டேன். மனசு கல்யாண வேலையில் இருந்தது. திடீரென்று செல்லக்கண்ணு, "அக்கா, அக்கா, என்னா பண்ற?" என்று கத்தினாள். பார்த்தால் என் கையில் பூத்தண்டு. காலடியிலும் கிடக்கிறது. மற்றவர்களை ஒடிக்காதே என்று சொன்னவள் நானே ஒடித்துக்கொண்டு போயிருக்கிறேன். பழகிய கை. தண்டைப் பார்த்தால் ஒடிக்கும், அதற்கு வேறு ஒன்றும் தெரியாது.

வரப்பில் உட்கார்ந்து அழுதேன். ஆடியில் கூட அப்படி அழவில்லை. வெங்காய வயலில் அழுதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அது ஒரு வசதி.

பாத்தியில் பாதி போயிற்று. பாதி நிற்கிறது. நிற்கிறதுக்கு இனி நானே கிட்டே போகமாட்டேன்.

மார்கழி 13

ஒடித்த தண்டுகளில் நன்றாக இருந்ததை யாரோ பொறுக்கி, தண்ணீர் வாளியில் நிறுத்தி, கொட்டகை நிழலில் வைத்திருக்கிறார்கள். செல்லக்கண்ணுவாக இருக்கும். நல்ல பெண்.

மார்கழி 18

செழியன் வீட்டுக்குப் போனேன். "அங்க கூப்புட்டுக்கட்டும்" என்றாரே பெரியவர், அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன்.

வினோ போட்டோவுக்குப் பொட்டு வைத்து, கீழே விளக்கு எரிந்தது. செழியனுடைய அம்மா அஞ்சலை என்னைக் கண்டதும் பாய் விரித்தாள். நான் பாயில் உட்காரவில்லை, அவள் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தேன். டம்ளரில் டீ கொடுக்கும்போது கொஞ்சம் தயங்கினாள். வாங்கிக் குடித்தேன். சர்க்கரை தூக்கல்.

"ஒங்க வழக்கத்துல இவளக் கூப்புட்டு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"வைக்காம? எங்க வூட்டுப் புள்ளம்மா அது. சீலை வாங்கி வச்சு, செவ்வாக்கெழம தவறாம கும்புடுறோம். ஆனா ஒன்னு, சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லு."

"கனவுல வருது. நாங்க வச்ச சீலையத்தான் கட்டியிருக்கு. ஆனா வாசப்படியிலயே நிக்குது. உள்ள வா தாயின்னா, 'எங்கம்மா வூட்டுச் சீல இன்னும் வரலயே'ன்னுது."

செழியன் கொல்லைப் பக்கம் போய் ஒரு தொட்டியைக் கொண்டுவந்து வைத்தான். புல் மாதிரி இலை. மழைப்பூச் செடி. அவள் வைத்ததாம்.

"இது பூத்தா அவளுக்கு ஒரு பாடம் ஓடும் அத்த. பூவக் கீறிக் காட்டுவா. இதுல சூல்பை இதழுக்குக் கீழ இருக்கும், வெங்காயத்துல மேல இருக்கும். அத வச்சுத்தான் ரெண்டையும் ரொம்ப காலம் பிரிச்சே வச்சிருந்தாங்கன்னு சொல்லுவா. மேல, கீழன்னு பாத்ததுதான் தப்பாப் போச்சுன்னு சொல்லி, எங்க அம்மாவப் பாத்து ஒரு சிரிப்பு சிரிப்பா."

இதுவரை நான் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். கிளம்பும்போது, "வரேன் மாப்ள. கல்யாணத்துக்கு முன்ன பூவாடைக்காரி கும்புடுறோம். அம்மாவக் கூட்டிக்கிட்டு நம்ம கெணத்துக்கு வந்துருங்க" என்றேன். அவன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கண் நிறைந்துவிட்டது.

"வந்தா பிரச்சனை ஆவும் அத்த."

"ஆவட்டும்."

மார்கழி 22

பாத்தி ஈரம். மடையில் மண் போட்டு அடைத்துத்தான் இருக்கிறது, கசிவு இல்லை. சேற்றில் செருப்புத் தடம். இடது குதிகால் தேய்ந்த செருப்பு. இந்த ஊரில் அப்படிச் செருப்பு எத்தனையோ பேர் போடுவார்கள்.

தை 1

பொங்கல் வைக்கவில்லை.

செத்த வீட்டில் முதல் வருடம் பானை ஏறாது. நம் வீட்டில் சாவே இல்லை என்று பெரியவர் சொல்லிவிட்டதால் பச்சரிசி, வெல்லம், கரும்பு எல்லாம் வந்து இறங்கியிருந்தன. நான் பழைய சோற்றைப் பிழிந்து வைத்தேன். பக்கத்தில் உரித்த வெங்காயம்.

பெரியவர் வாசலில் நின்று, "அடுப்பு ஏன் பத்தல?" என்றார்.

"எம் மவ செத்து வருசம் திரும்பல."

தெருவே கேட்கும்படி சொன்னேன். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் கை நின்றது. என் வீட்டுக்காரர் தட்டில் கை வைத்து, பழைய சோற்றைச் சாப்பிட்டார். ஒரு வெங்காயத்தைக் கடித்தார். பசி போல.

தை 8

சேலை எடுக்கத் திருச்சி போனோம். மணிவேல் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"அம்மா, கல்யாணம் நிக்காதுல்ல?"

"ஏன் நிக்கணும்?"

"பெரியப்பா, நீ குடம் தூக்க மாட்டேன்னா பெரியம்மாவத் தூக்கச் சொல்லுவேங்கிறாரு. பொண்ணு வூட்டுல வேற கேக்குறாங்க, ஒங்க வூட்டுல என்னா தகராறுன்னு."

"நீ என்னா சொன்ன?"

"ஒன்னும் சொல்லல."

"ஒங்கப்பன் புள்ளடா நீ."

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு மஞ்சப்பை தைத்துக் கொடுத்துப் பள்ளிக்கூடம் அழைத்துப் போனவள் வினோதான். அதைச் சொல்லிக் காட்ட மனசு வரவில்லை. கடையில் பூவாடைக்காரிச் சேலை எடுக்கும்போது பெரியவர் சொன்ன பெயர்களுக்கு எடுத்து முடித்தோம். பிறகு நான் கடைக்காரனிடம், "வெங்காயக் கலர்ல ஒன்னு எடுப்பா" என்றேன். மணிவேல் என்னைப் பார்த்தான். அவன்தான் பிரித்துப் பார்த்து, "பார்டர் சின்னதா இருந்தாத்தான் அக்கா கட்டும்" என்று வேறு எடுக்கச் சொன்னான்.

தை 16

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கிணற்றடியில் கூடினோம். பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் செழியனும் அஞ்சலையும் நின்றார்கள். பார்த்த எல்லாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். பம்பைக்காரர் சடையன் குடத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு, "பேரு சொல்லுங்க சாமி" என்றார். பெயர் சொல்வது ஆண்கள்தான். பெரியவர் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் பம்பை அதிர்ந்தது. சேலை சாத்தினார்கள்.

"அவ்வளவுதான். குடத்தத் தூக்குங்க" என்றார் பெரியவர்.

நான் வெங்காயக் கலர் சேலையைக் குடத்தின் பக்கத்தில் வைத்தேன்.

"வினோதினி" என்றேன்.

சடையன் கை பம்பை மேலேயே நின்றது. அவர் பெரியவரைப் பார்த்தார்.

"பொம்பள சொல்ற பேருக்கு அடிக்காத" என்றார் பெரியவர். "ஏம்மா, நல்ல காரியத்துல ஏன் இப்பிடி மல்லுக்கு நிக்கிற? அவ எங்க குடும்பம் இல்ல. எத்தன தடவ சொல்றது?"

"நீங்க எத்தன தடவ சொன்னாலும் நான் பெத்தது பெத்ததுதான் மாமா. நீங்க அவளத் தூக்கி எங்க வேணா எழுதிக்குங்க. அவ எங்கயும் போவல." நான் குடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "எல்லாரும் போங்க. போயி கல்யாணத்த நடத்துங்க. நான் எம் பொண்ணோட இங்கயே இருக்கேன்."

பெரியவர், "நீ தூக்கு" என்று தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டது. தூக்கவில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் மோட்டார் கொட்டகையிலிருந்து வந்தார். தோள் துண்டில் எதையோ சுற்றிப் பிடித்திருந்தார். குடத்துக்கு முன்னால் உட்கார்ந்து துண்டைப் பிரித்தார்.

வெங்காயப் பூ. பாத்தியில் நின்றது எல்லாம். தண்டோடு, ஒன்றும் கசங்காமல், வெள்ளை உருண்டை உருண்டையாக.

"டேய், என்னாடா இது? நாத்தம் புடிச்ச பூவ சாமிக்கு வக்கிற?" என்றார் பெரியவர்.

"அவ கேட்டது" என்றார் இவர்.

தண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குடத்தைச் சுற்றிச் செருகினார். எல்லாவற்றையும் செருகி முடித்துவிட்டு எழுந்து நின்று சடையனைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"கலியமூர்த்தி மவ, செழியன் பொண்டாட்டி, வினோதினி. அடிய்யா."

சடையன் பெரியவரைப் பார்க்கவில்லை. அடித்தார். கிணற்றுக்குள் போய்த் திரும்பி வந்தது சத்தம்.

"மாப்ள, அங்க ஏன் நிக்கிறீங்க? வாங்க" என்று நான் கூப்பிட்டேன். மணிவேல் வரப்புத் தாண்டிப் போய்ச் செழியன் கையைப் பிடித்து அழைத்து வந்தான். அஞ்சலையும் நானுமாக அந்தச் சேலையைப் பிரித்துக் குடத்துக்குச் சாத்தினோம். யார் மேலும் சாமி வரவில்லை. அவள் அப்படி ஆடுகிறவள் இல்லை.

குடத்தைத் தூக்கினேன். வழி முழுக்க வெங்காய வாசம் கூடவே வந்தது. பெரியவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கல்யாணத்துக்கு வருவார். முதல் பந்தியில் உட்காருவார். எனக்குத் தெரியும்.

அவள் இனி ஏறக்கூடாது என்ற படியில் அவளைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

தை 17

காலையில் பாத்தியைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் அறுத்துவிட்டார் என்று நினைத்தேன். ஓரத்தில் இரண்டு தண்டை விதைக்கு விட்டிருக்கிறார். காற்றில் சாயாமல் இருக்கக் குச்சி ஊன்றி, தன் துண்டின் கரையைக் கிழித்துக் கட்டியிருக்கிறார்.

செழியன் போன் செய்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்து வரலாமா என்று கேட்டான். வரச் சொன்னேன்.

மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தார். ஆடியிலிருந்து சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வந்துவிடுவேன். இன்று எதிரில் உட்கார்ந்தேன்.

"கொழம்பு ஊத்தவா?" என்றேன்.

"ம்" என்றார். கொஞ்சம் கழித்து, "வெங்காயம் நெறைய போடு" என்றார்.